ஒரு டாலர் கட்டி ஓடிய 127 பேர்

ஜனவரி மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை பெடர் ரோடு பக்கம் டாக்ஸி பிடிக்க முடியாது என்பது மும்பையில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு மனப்பாடம். மாரத்தான்! சி.எஸ்.டி. ஸ்டேஷன் வாசலில் ஆரம்பித்து, மரின் டிரைவ், ஹாஜி அலி, வொர்லி, கடல் பாலம், பாந்த்ரா, மாஹிம் என்று போய்த் திரும்பி வருகிற கூட்டம். முன்னால் கென்யாக்காரரும் எத்தியோப்பியாக்காரரும் காற்றாய்ப் பறப்பார்கள். பின்னால் வங்கி மேனேஜர், பள்ளிக்கூட டீச்சர், ரிடையரான தாத்தா, நேற்றுவரை லிஃப்ட் இல்லாமல் இரண்டாவது மாடிக்கு ஏறாத சாஃப்ட்வேர் ஆசாமி என்று எல்லோரும் அதே சாலையில், அதே காலையில் ஓடுவார்கள்.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான விஷயம். டெஸ்ட் மேட்சில் கடைசி ஆட்டக்காரராக நம்மை இறங்கச் சொல்வதில்லை. விம்பிள்டனில் முதல் சுற்று ஆட யாரும் நமக்கு இடம் தருவதில்லை. மாரத்தானில் மட்டும் உலக சாம்பியனுக்கும் நமக்கும் ஒரே கோடு. இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள்?

கம்பெனிகளின் விளம்பர வேலை என்று பலர் சொல்வார்கள். கம்பெனிகள் வந்தது பிற்பாடு. நூல் பிடித்துப் பின்னால் போனால் ஹார்லெமில் ஒன்று, நியூயார்க் பூங்கா ஒன்றில் இன்னொன்று, லண்டன் ஓரத்தில் ஒரு பப்பின் பின்புறம் மூன்றாவது என்று மூன்று சின்ன ஓட்டக் கிளப்களில்தான் போய் முடியும். அந்த மூன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள் :-)

பாஸ்டனில் 15 பேர்

முதலில் கொஞ்சம் பின்னணி. 1896-இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக்ஸ் நடந்தது. அங்கே போன அமெரிக்கர்களில் பலர் பாஸ்டன் அத்லெடிக் அசோசியேஷன் என்ற கிளப்பைச் சேர்ந்தவர்கள். மாரத்தான் என்ற புது ஓட்டத்தைப் பார்த்து அசந்துபோய், ஊர் திரும்பியதும் நாமும் ஒன்று நடத்தினால் என்ன என்று கிளம்பினார்கள். 1897 ஏப்ரல் 19 அன்று பாஸ்டனில் முதல் ஓட்டம். ஓட வந்தவர்கள் 15 பேர், ஓடி முடித்தவர்கள் 10 பேர். ஜெயித்தவர் நியூயார்க்கின் பாஸ்டைம் கிளப்பைச் சேர்ந்த ஜான் மெக்டெர்மட்.

ஆக, ஆரம்பமே கிளப்தான். ஆனால் அதற்கப்புறம் அறுபது எழுபது வருஷத்துக்கு மாரத்தான் என்பது சில நூறு ஆண்கள் ஓடும் கிறுக்குத்தனமாகவே இருந்தது. ஓடும் தூரம்கூட ஆரம்பத்தில் ஊருக்கு ஊர் மாறியது. 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஓடிய 42.195 கிலோமீட்டர்தான் கணக்கு என்று 1921-இல்தான் முடிவானது. பெண்கள் அவ்வளவு தூரம் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று அமெரிக்காவின் அமெச்சூர் விளையாட்டுச் சங்கமே கதவைச் சாத்தி வைத்திருந்தது. நியூயார்க்கின் பழம்பெரும் பணக்கார கிளப்களில் கறுப்பர்களுக்கும் யூதர்களுக்கும் இடமில்லை. எழுதாத சட்டமானாலும் ஊருக்கே தெரிந்த சட்டம். 1968-இல் நியூயார்க் அத்லெடிக் கிளப் தன் நூற்றாண்டு விழாப் போட்டியை நடத்தியபோது கறுப்பின வீரர்கள் அதைப் புறக்கணித்ததற்குக் காரணமே இந்தச் சட்டம்தான்.

ஹார்லெம்: யாரையும் திருப்பி அனுப்பாத கிளப்

1910-களிலிருந்து 1970 வரை அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கே குடிபெயர்ந்தார்கள். சொந்த ஊரில் நிலம் இல்லை, மரியாதை இல்லை, உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. ரயிலேறி வந்தவர்களில் ஏராளமானோர் வந்து சேர்ந்த இடம் நியூயார்க்கின் ஹார்லெம். நாட்டுக்குள்ளேயே புலம்பெயர்ந்தவர்கள். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நம்மவர்கள் வந்த கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஹார்லெமில் 1936-இல் ஜோசப் யான்சி உள்ளிட்ட மூன்று கறுப்பினத்தவர் சேர்ந்து ஆரம்பித்ததுதான் நியூயார்க் பயனியர் கிளப். கறுப்பின இளைஞர்களுக்கு ஓட ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். 1942-இல் கிளப்பின் விதியையே திருத்தி, எந்த இனத்தவரும் சேரலாம் என்று எழுதி வைத்தார்கள். தங்களை உள்ளே விடாத ஊரில், தங்கள் கதவை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். மற்ற கிளப்கள் சேர்க்காத யூதப் பையன்கள் வந்தார்கள், இத்தாலியப் பையன்கள் வந்தார்கள். இன்னொரு விசேஷம், வேகமாக ஓடினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றும் சொல்லவில்லை. மெதுவாக ஓடுகிறவனும் உறுப்பினர்தான். இன்றைக்கு நாம் பார்க்கும் மாரத்தானின் விதை இந்த ஒரு விதியில் இருக்கிறது என்பது என் கட்சி.

1947-இல் இந்தக் கிளப்பில் சேர்ந்தவர் டெட் கார்பிட். தென் கரோலினாவில் 1919-இல் பிறந்தவர். பாட்டன் காலத்தில் அடிமைகளாக இருந்த குடும்பம். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு வடக்கே சின்சினாட்டிக்கு வந்து, பிறகு வேலைக்காக நியூயார்க் வந்தவர். கல்லூரியில் ஓடிய காலத்தில், கறுப்பர் வரக்கூடாது என்பதால் சில போட்டிகளுக்குப் போகவே முடியாத அனுபவம் அவருக்கு உண்டு. நியூயார்க்கில் அவருக்கு பிசியோதெரபிஸ்ட் வேலை. வீட்டிலிருந்து ஆபீசுக்கே ஓடிப் போவார். 1950-களில் அப்படி ஒரு மனிதர் தெருவில் ஓடினால் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு கறுப்பின மனிதர்.

1951-இல் பாஸ்டனில் முதல் மாரத்தான் ஓடினார். அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ் மாரத்தானில் அமெரிக்காவுக்காக ஓடினார். அப்படி ஓடிய முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான். அங்கே கிடைத்தது 44-ஆவது இடம். பதக்கமெல்லாம் இல்லை. ஆனால் பதக்கம் வாங்கியவர்கள் பலர் செய்யாத வேலையை அவர் ஊர் திரும்பிச் செய்தார்.

சைக்கிளை வைத்து அளந்தவர்கள்

1958-இல் நியூயார்க்கில் சாலை ஓட்டக்காரர்களுக்கென்று தனியாக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இன்று உலகப் புகழ் பெற்ற நியூயார்க் ரோடு ரன்னர்ஸ் அதுதான். முதல் தலைவர் கார்பிட். பயனியர் கிளப் நண்பர்கள் பலர் அவரோடு இருந்தார்கள். கையில் பணமும் கிடையாது, ஆபீசும் கிடையாது. 1959-இல் பிராங்க்ஸ் பகுதியில் செர்ரி ட்ரீ மாரத்தான் என்று ஒன்று நடத்தினார்கள். சாலையெல்லாம் அடைக்கமாட்டார்கள், கார்களுக்கு நடுவே ஓட வேண்டியதுதான்.

கார்பிட் செய்த பெரிய காரியம் தூரத்தைச் சரியாக அளந்தது. அந்தக் காலத்தில் காரின் மீட்டரைப் பார்த்து தூரம் போட்டார்கள். ஒரு ஊர் மாரத்தான் 41 கிலோமீட்டர் இருக்கும், இன்னொன்று 43 இருக்கும். அப்படியிருந்தால் நேரத்துக்கு என்ன மதிப்பு? இங்கிலாந்து ஓட்டக்காரர்கள் கையாண்ட சைக்கிள் முறையைப் படித்து, 1964-இல் கார்பிட் ஒரு கையேடு எழுதினார்.

முறை ரொம்ப எளிமை. எஃகு டேப்பால் துல்லியமாக அளந்த நேர்ச்சாலை ஒன்றில் முதலில் சைக்கிளை ஓட்டுவது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணினால், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும். பிறகு பந்தயப் பாதை முழுவதையும் அதே சைக்கிளில், ஓட்டக்காரர் ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில், வளைவுகளை ஒட்டி ஒட்டி ஓட்டி எண்ணுவது. வெயிலில் டயர் உப்பினால் கணக்கு மாறும் என்பதால் முடித்த பிறகு மறுபடியும் சரிபார்ப்பது. தப்பித் தவறிக்கூட தூரம் குறையக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அதிகமாகச் சேர்ப்பது. அதாவது மாரத்தானுக்கு 42 மீட்டர் உபரி. 1971-இல் ஆலன் ஜோன்ஸ் என்ற ஐ.பி.எம். பொறியாளர் சக்கரச் சுற்றை எண்ண ஒரு சின்னக் கருவி செய்தார். அந்த வழிவந்த கருவிகளோடு இன்றைக்கும் உலகம் பூராவும் மாரத்தான் பாதையை சைக்கிளில்தான் அளக்கிறார்கள். செயற்கைக்கோள் காலத்திலும் சைக்கிள்!

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாலரை மணி நேரத்தில் ஓடி முடித்தேன் என்று ஒருவர் சொன்னால், அந்த நாலரை மணி டோக்கியோவிலும் பெர்லினிலும் அதே நாலரை மணிதான். சிபாரிசும் செல்வாக்கும் அதை மாற்றாது. செல்வாக்கில்லாத கிளப் ஒன்றிலிருந்து வந்தவருக்கு அந்த நியாயம் முக்கியமாகப் பட்டதில் ஆச்சரியமில்லை.

பூங்காவுக்குள் ஒரு ஓட்டம்

1970 செப்டம்பர் 13. நியூயார்க் சென்ட்ரல் பார்க். ரோடு ரன்னர்ஸ் கிளப் நடத்திய முதல் நியூயார்க் சிட்டி மாரத்தான். நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். மொத்த பட்ஜெட் சுமார் 1,000 டாலர். வேறு போட்டிகளில் மிஞ்சிய கோப்பைகளையே பரிசாகக் கொடுத்தார்கள். பூங்காவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். வந்தவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். ஜெயித்தவர் கேரி மர்க்கி என்ற தீயணைப்பு வீரர். முந்தைய இரவு டூட்டி பார்த்துவிட்டு நேராக வந்து 2 மணி 31 நிமிடத்தில் ஓடி முடித்தார். 51 வயது கார்பிட் ஐந்தாவதாக வந்தார்.

55 பேரில் 45-ஆவதாக வந்தவர் போட்டியை ஏற்பாடு செய்த இருவரில் ஒருவரான ஃபிரெட் லெபோ. இவர் ருமேனியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளின் காலத்தில் உயிர் தப்பி, நாடு நாடாக அலைந்து, கடைசியில் நியூயார்க்கில் ரெடிமேட் துணி வியாபாரத்தில் கால் ஊன்றியவர். டென்னிஸுக்கு மூச்சுப் பிடிக்கட்டும் என்று ஓட ஆரம்பித்தவருக்கு ஓட்டமே வாழ்க்கையாகிப்போனது. தெற்கிலிருந்து வந்த கார்பிட், கடல் கடந்து வந்த லெபோ. ஊர் விட்டு ஊர் வந்த இரண்டு பேர், வந்த ஊருக்கே ஒரு திருவிழாவைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த 127 பேரில் பெண் ஒரே ஒருவர், நினா குசிக். உடல்நிலை சரியில்லாமல் பாதியில் நின்றுவிட்டார். ஆனால் 1972-இல் என்ன நடந்தது பாருங்கள். பெண்கள் ஓடலாம், ஆனால் ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்னால் தனியாக ஓட வேண்டும் என்று அமெச்சூர் சங்கம் உத்தரவு போட்டது. அக்டோபர் 1 அன்று பெண்களுக்கான துப்பாக்கி வெடித்தது. குசிக் உட்பட ஆறு பெண்கள் ஓடவில்லை. கோட்டிலேயே கையில் எதிர்ப்பு அட்டைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து ஆண்களுக்கான துப்பாக்கி வெடித்ததும் எழுந்து எல்லோரோடும் சேர்ந்து ஓடினார்கள். நம்மூர் சத்தியாக்கிரகம் மாதிரியே! பெண்களில் குசிக் முதலாவதாக வந்தார். ஒலிம்பிக்ஸில் பெண்கள் மாரத்தான் வருவதற்கு அப்புறமும் 12 வருஷம் ஆனது. 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1975-இல் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. குப்பை, குற்றம், ஊரைக் காலி செய்யும் ஜனங்கள். அமெரிக்கா சுதந்திரமடைந்த 200-ஆவது ஆண்டு 1976. ஊரின் ஐந்து பகுதிகளுக்கும் ஒரு போட்டி வைக்கலாம் என்று கார்பிட் ஒரு யோசனை சொன்னார். அவர் மனதில் இருந்தது ஐந்து அணிகள் மோதும் போட்டி. கேட்டுக்கொண்டிருந்த ஜார்ஜ் ஸ்பிட்ஸ் என்பவர், ஐந்து பகுதிகள் வழியாகவும் ஓடுவது என்று புரிந்துகொண்டு மேலிடம் வரை போய்ப் பேசிவிட்டார்! தவறாகப் புரிந்துகொண்டதால் விளைந்த நன்மைகளில் இதற்கு முதலிடம் தரலாம். அத்தனை சாலைகளை அடைப்பதா என்று தயங்கிய லெபோவும் பிறகு முழு மூச்சாக இறங்கினார். 1976 அக்டோபரில் வெரசானோ பாலத்தில் தொடங்கி புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ், மன்ஹாட்டன் என்று இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் ஓடினார்கள். யூதர் தெரு, இத்தாலியர் தெரு, கறுப்பினத்தவர் தெரு, போர்ட்டோ ரிகோக்காரர் தெரு என்று ஒவ்வொரு பேட்டையும் வாசலுக்கு வந்து கைதட்டியது.

பப்பில் கேட்ட கதை

இனி லண்டன். நகரத்தின் தென்மேற்கு ஓரத்தில் ரிச்மண்ட் பார்க் என்று மான்கள் திரியும் பெரிய பூங்கா உண்டு. அதை ஒட்டிய பீட்டர்ஷாமில் 1881-இல் தொடங்கிய ரேனலா ஹேரியர்ஸ் என்ற ஓட்டக் கிளப் இருக்கிறது. ஹேரியர் என்றால் முயல் வேட்டை நாய். ஒருவர் முயலாக முன்னால் ஓடிக் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே போவார், மற்றவர்கள் நாய்களாகத் துரத்துவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிப் பையன்கள் விளையாடிய விளையாட்டு. அதிலிருந்து பிறந்தவைதான் இங்கிலாந்தின் பழைய கிளப்கள். அந்தக் காலத்தில் ரேனலாக்காரர்கள் உடை மாற்றிய இடம் டைசார்ட் ஆர்ம்ஸ் என்ற பப்புக்குப் பின்னால். சாயங்காலம் ஓட்டம், ஓட்டம் முடிந்தால் பப்பில் அரட்டை.

1978-இல் இந்தக் கிளப் உறுப்பினர்கள் சிலர் நியூயார்க் போய் மாரத்தான் ஓடிவிட்டு வந்தார்கள். வந்ததும் பப்பில் உட்கார்ந்து வாய் ஓயாமல் கதை. அங்கே சாலையின் இரண்டு பக்கமும் ஜனம் நிற்கிறது, பாண்டு வாசிக்கிறார்கள், முன்பின் தெரியாதவர்கள் நம்மைப் பார்த்துக் கத்தி உற்சாகப்படுத்துகிறார்கள் என்று. இங்கிலாந்தில் அப்போது மாரத்தான் என்றால் ஆளரவமில்லாத சாலையில் கொஞ்சம் ஆண்கள் மழையில் ஓடுவது.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் கிறிஸ் பிராஷரும் ஜான் டிஸ்லியும். சாதாரண ஆட்கள் இல்லை. 1954-இல் ரோஜர் பானிஸ்டர் நாலு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடியபோது முன்னால் ஓடி வேகம் கொடுத்தவர் பிராஷர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் ஸ்டீபிள்சேஸ் தங்கம் வாங்கியவர். அதே ஸ்டீபிள்சேஸில் 1952-இல் வெண்கலம் வாங்கியவர் டிஸ்லி. ஆனால் ஐம்பது வயதில், ஒரு சாயங்காலம், அவர்கள் கேட்டது தங்களைவிட மெதுவாக ஓடும் கிளப் நண்பர்களின் கதையை. அதைக் காது கொடுத்துக் கேட்டதுதான் பெரிய விஷயம். 1979-இல் இருவரும் நியூயார்க் போய் பதினோராயிரத்துச் சொச்சம் பேரோடு ஓடினார்கள். திரும்பி வந்த பிராஷர் அப்சர்வர் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். லண்டனால் இப்படி ஒரு விழாவை நடத்த முடியுமா, நம் மனசில் அதற்கு இடமிருக்கிறதா என்பது கட்டுரையின் கேள்வி.

பிறகு நடந்ததெல்லாம் ஆபீஸ் வேலை. அப்சர்வர் ஆசிரியர் போலீஸையும் நகர அதிகாரிகளையும் மதிய உணவுக்குக் கூப்பிட்டார். ஊர்க்காரர்களின் வரிப்பணத்தில் ஒரு காசு கேட்கக் கூடாது என்று நகர நிர்வாகம் நிபந்தனை போட்டது. ஜில்லெட் கம்பெனி பணம் கொடுத்தது. வரைபடம் பார்ப்பதில் கைதேர்ந்த டிஸ்லி, சாலை அடைப்பு குறைவாக இருக்கும்படி தேம்ஸ் நதியை ஒட்டிப் பாதை போட்டார்.

1981 மார்ச் 29, நல்ல மழை. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20,000 பேர், இடம் கிடைத்தவர்கள் 7,747 பேர், முடித்தவர்கள் 6,255 பேர். முன்னால் வந்த அமெரிக்கர் டிக் பேர்ட்ஸ்லியும் நார்வேக்காரர் இங்கே சிமோன்சனும் கைகோத்துக்கொண்டு ஒன்றாகவே கோட்டைத் தாண்டினார்கள். பெண்களில் முதலில் வந்த ஜாய்ஸ் ஸ்மித்துக்கு வயது 43, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். நேரம் 2 மணி 29 நிமிடம் 57 விநாடி, அன்றைய பிரிட்டிஷ் சாதனை. அடுத்த வருஷம் விண்ணப்பங்கள் 90,000-த்தைத் தாண்டின. 2025-இல் லண்டனில் ஓடி முடித்தவர்கள் 56,000-த்துக்கும் மேல். 2026 ஓட்டத்துக்கான குலுக்கலில் பெயர் கொடுத்தவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். பப்பில் நாலு பேர் பேசியதுதான் இப்படி வளர்ந்தது.

பீட்டர்ஷாமிலிருந்து மும்பைக்கு

1982-இல் லண்டனில் ஜெயித்தவர் ஹியூ ஜோன்ஸ். லண்டன் மாரத்தானைத் தனியாக வென்ற முதல் ஆண் அவர். அவரும் அதே ரேனலா ஹேரியர்ஸ்! இது தெரிந்தபோது எனக்கே சிலிர்த்தது, ஏனென்றால் நம் மும்பை மாரத்தானின் பந்தய இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்தவரும் இவர்தான். டைசார்ட் ஆர்ம்ஸ் பப்புக்கும் பெடர் ரோடு மேட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் தூரம்தான்.

அதற்கு முன் இந்தியாவில் மாரத்தானே இல்லை என்று சொல்ல முடியாது. ராணுவத்தைச் சேர்ந்த ஷிவ்நாத் சிங் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் 11-ஆவதாக வந்தார். 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். அந்த இந்திய சாதனை நாற்பது வருஷத்துக்கும் மேல் நின்றது. புணேயில் 1983-இலிருந்தே சர்வதேச மாரத்தான் நடந்தது. ஆனால் ஓட்டம் என்றால் ராணுவம், போலீஸ், ரயில்வே வீரர்களின் வேலை என்றுதான் ஊர் நினைத்தது. ஆபீஸ் போகிறவர் ரோட்டில் ஓடினால் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார் என்று அர்த்தம். 2004 பிப்ரவரி 15 அன்று நடந்த முதல் மும்பை மாரத்தான் இதை மாற்றியது. அதை வென்ற தென்னாப்பிரிக்காவின் ஹென்ட்ரிக் ரமாலா அதே வருஷம் நவம்பரில் நியூயார்க்கிலும் ஜெயித்தார். அந்த மும்பை ஓட்டத்துக்குப் பிறகுதான் ஊர் ஊராக ஓட்டக் கிளப்கள் முளைத்தன. சென்னை ரன்னர்ஸ் 2006-இல் ஆரம்பித்தது. இன்று மும்பையில் சிவாஜி பார்க், மரின் டிரைவ், பவாய் ஏரிக்கரை என்று எங்கே போனாலும் விடியற்காலையில் ஒரு குழு ஓடிக்கொண்டிருக்கும்.

கிளப் எதற்கு, தனியாக ஓடக்கூடாதா? ஓடலாம். ஆனால் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து முப்பது கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும். அதற்குமேல் கால் இரும்பாகக் கனக்கும். மும்பையில் திரும்பி வரும்போது பெடர் ரோடு மேடு வருவது சரியாக அந்தக் கட்டத்தில்தான். அதைத் தாண்ட நாலைந்து மாதப் பழக்கம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு நமக்காகத் தெருமுனையில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்றால் எழுந்துவிடுவோம், இல்லாவிட்டால் போர்வைதான்.

புது ஊரில் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் வேண்டும் என்பது வேலைக்காக வந்தவர்களுக்குத் தெரியும். நமக்குத் தமிழ்ச் சங்கம் உண்டு, சபா உண்டு, கோவில் உண்டு. அங்கே எல்லாம் நம்மவர்களைப் பார்ப்போம். ஓட்டக் குழுவிலோ குஜராத்தியும் கொங்கணியும் பீகாரியும் மூச்சிரைத்துக்கொண்டு பக்கத்தில் வருவார்கள். இருபது கிலோமீட்டர் ஒன்றாக ஓடியவரிடம் எந்த மாநிலம் என்று கேட்கத் தோன்றாது.

ஆனால் ஒரு கவலையும் உண்டு. ஒரு டாலராக இருந்த நியூயார்க் கட்டணம் இப்போது இருநூறு டாலருக்கு மேல். இங்கேயும் கட்டணம், ஷூ, கையில் கட்டும் கடிகாரம் என்று சேர்த்தால் ஒரு சின்னக் குடும்பத்தின் மாத மளிகைச் செலவு ஆகிவிடுகிறது. மாட்டுங்காவில் இட்லிக் கூடையைத் தலையில் வைத்து வேகமாகப் போகும் நம் ஊர்ப் பையனுக்கு அந்தக் கோட்டில் இடம் உண்டா? இன்னொன்று, காலை ஐந்து மணி யாருடைய நேரம்? பெரும்பாலான நம் வீடுகளில் அது ஆண்களுக்கு ஓட்ட நேரம், பெண்களுக்கு டிபன் பாக்ஸ் நேரம். 1972-இல் கோட்டில் உட்கார்ந்த ஆறு பேரும் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை, எல்லோரோடும் ஒரே நேரத்தில் கிளம்பவேண்டும் என்பதுதான். அந்தப் பத்து நிமிஷத்தை நம் வீட்டுச் சமையலறையில் யார் விட்டுக்கொடுக்கப் போகிறோம்?

கம்பெனிகள் மேடை போடும், பாண்டு கொண்டுவரும், மெடல் அடிக்கும். கதவைத் திறந்து வைப்பது என்றைக்கும் சின்ன கிளப்பின் வேலைதான். ஹார்லெமில் 1942-இல் மாற்றி எழுதிய அந்த விதியை உங்கள் பேட்டைக் குழு ஒன்று எழுதாமலேயே கடைப்பிடித்தால் போதும். பழைய ஷூ ஒன்று கூடுதலாக இருந்தால் அந்த இட்லிக்காரத் தம்பியையும் கூப்பிடுங்கள். ஞாயிறு காலை டிபனை ஐயாமார்கள் செய்யட்டும். உங்கள் ஊரில், அது அகமதாபாதோ கொல்கத்தாவோ தில்லியோ, இப்படி ஒரு குழு இருந்தால் எனக்கு எழுதுங்கள். எத்தனை பேர், எந்தப் பூங்கா, ஓட்டம் முடிந்ததும் எங்கே டீ என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.